தட்டைக் கப்பல்

அம்மப்பாவுக்கு அந்தக் கப்பலின் பெயர் கடைசிவரை தெரியாது. தட்டைக் கப்பல் என்றுதான் சொல்லுவார். மற்றக் கப்பல்களில் நடுவே இருக்கிற கட்டடமும் புகைபோக்கியும் இதில் ஓர் ஓரமாக ஒதுங்கி நிற்க, மிச்ச மேல்தளம் முழுவதும் வெறுமையாகக் கிடந்ததாம். "சூடு மிதிக்கிற களவெட்டி மாதிரி மனே, அதுக்கு மேல ஒண்டுமே இல்ல" என்பார். அந்தத் தளத்தில் விமானங்கள் நின்றிருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை என்பது எனக்கே வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது.

1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. சித்திரை வருஷம் பிறக்க இன்னும் சில நாள்தான் இருந்தது. அம்மா அப்போது கைக்குழந்தை. மட்டக்களப்பின் கல்லடிக் கரையில் விடியப்புறம் கரைவலை வளைத்துவிட்டு, வெயில் ஏறிய நேரம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மப்பா வடக்குப் பக்கக் கம்பானில், அதாவது இழுகயிற்றில், நின்றிருக்கிறார். கரைவலை இழுப்பவர்களுக்கு முகம் கடலைப் பார்த்துத்தான் இருக்கும். கால்களை மணலில் ஊன்றிப் பின்பக்கமாக நடந்து நடந்து இழுப்பார்கள். அதனால் அன்று நடந்ததை ஆரம்பத்திலிருந்தே எல்லோரும் பார்த்தார்கள்.

முதலில் கேட்டது சத்தம். "இடி எண்டு நினைச்சம். அண்ணாந்து பாத்தா ஒரு துண்டு முகிலும் இல்ல. மறுகாதான் கண்டம்." விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சூரியன் நின்ற பக்கத்திலிருந்து தலைகீழாக வந்தனவாம். அவை விழுகின்றன என்றே அம்மப்பா நினைத்தார். யாரோ அவற்றைச் சுட்டு விழுத்துகிறார்கள் என்று கம்பானில் நின்ற ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆனால் விழுந்தது கடலைத் தொடுகிற மாதிரி வந்துவிட்டு நிமிர்ந்து போகும். அடுத்தது விழும். அது போக, இன்னொன்று. தட்டைக் கப்பலைச் சுற்றித் தண்ணீர் தூண்தூணாக எழும்பியது. பிறகு கரும்புகை. கொஞ்சம் தள்ளி ஒரு சின்னக் கப்பலும் நின்றது. அதன் கதியும் அதுதான்.

இந்த இடத்தில் அம்மப்பா எப்போதும் ஒரு விஷயத்தைச் சொல்லுவார். கேட்கிறவர்கள் கப்பலைப் பற்றிக் கேட்பார்கள். அவர் கயிற்றைப் பற்றிப் பேசுவார். வலை பாதி வழிக்கு வந்துவிட்டது. விட்டால் வலை போய்விடும், வலை வேறொருவருடையது. இழுக்கவோ கை வரவில்லை. இருபது முப்பது ஆம்பிளைகள் இரண்டு கயிறுகளையும் பிடித்தபடியே நின்றார்கள். யாரோ ஒருவர் "இழுங்கடா" என்று கத்த, கை தன்பாட்டில் இழுத்தது. கண் அங்கே, கை இங்கே. வலையின் மடி கரைக்கு வந்து அவிழ்த்தபோது தட்டைக் கப்பலைக் காணவில்லை.

மடியில் மீன் நிறையக் கிடந்ததாம். அதைக் கூடையில் அள்ள ஒருவரும் குனியவில்லை.

பிறகுதான் வாக்குவாதம் வந்தது. வலைத்தோணியைத் தள்ளிக்கொண்டு போவோம் என்று சிலர் நின்றார்கள். அம்மப்பாவும் அந்தக் கட்சி. வயசாளிகள் மறித்தார்கள். விமானங்கள் இன்னும் மேலே சுற்றுகின்றன, தோணியையும் விடமாட்டார்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள் நீங்கள் என்றார்கள். ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்த செய்தி அதற்குள் மட்டக்களப்புக்கு வந்திருந்தது. இழுபறியில் நேரம் போனது. அதன் பிறகு ஒரு வெள்ளைக் கப்பல் வந்து அந்தத் திக்கில் வெகுநேரம் நின்றதைப் பார்த்தார்கள். பின்னேரம்தான் தோணி போனது. கடல் கறுத்துக் கிடந்தது. துடுப்பில் எண்ணெய் ஒட்டி, பிடிக்க முடியாமல் வழுக்கியது. பலகைத் துண்டுகளும் துணியும் மிதந்தன. உயிரோடு யாருமில்லை. திரும்பி வந்துவிட்டார்கள்.

எத்தனை தரம் இந்தக் கதையைச் சொன்னாலும் கடைசியில் அவர் வாயில் வருவது ஒன்றுதான். "போயிருக்கலாம் மனே."

பெத்தா, அம்மாவின் தாய், இதைப்பற்றி அதிகம் பேசமாட்டா. அந்த வருஷம் ஆடி மாதம் வரைக்கும் மீன் தின்னாமல் இருந்ததை மட்டும் சொல்லுவா. வீட்டில் மீன் வரும், விற்கும், மற்றவர்களுக்கு ஆக்கிப் போடுவா. தான் மட்டும் பருப்பும் கீரையும். "கடல் ஆளத் தின்னுத்து கெடக்கு. அதுக்குள்ள பிடிச்சத நான் எப்பிடித் தின்னுற?" என்பது அவவுடைய நியாயம். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து வாழ்க்கைப்பட்டவ. அவவுக்கு அது சின்ன விஷயமல்ல.

எனக்கு விபரம் தெரிந்த காலத்தில், அதாவது 1970களில், அந்த இடத்துக்கு மாமா மீன்பிடிக்கப் போகத் தொடங்கியிருந்தார். அம்மாவின் தம்பி. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகு வந்த பிறகு ஆழத்துக்குப் போவது லேசாகிவிட்டது. தட்டைக் கப்பல் கிடக்கிற இடம் கரையிலிருந்து ஏறக்குறைய 9 கிலோமீற்றர். ஆழம் 30 பாகம், இப்போதைய கணக்கில் 54 மீற்றர் அளவு. மணல் தரையில் கப்பல் ஒன்று கிடந்தால் அதைச் சுற்றி மீன் சேரும். பாரை, கலவாய் எல்லாம் நிற்கும். இதைக் கடற்காரனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

மாமாவோடு நானும் போயிருக்கிறேன். திசைகாட்டி கிடையாது. கரையில் இரண்டு குறிகள். பாலமீன்மடு வெளிச்சவீடு எவ்வளவு வலதுபக்கம் விலகி நிற்க வேண்டும் என்பது ஒன்று. கல்லடிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பின் நெட்டையான மரங்களுக்கு நேர் பின்னால், மேற்கே தூரத்தில் தெரிகிற மலையின் உச்சி வந்து நிற்க வேண்டும் என்பது மற்றது. வெள்ளனக் காலையில், புகார் இல்லாத நேரத்தில்தான் மலை தெரியும். இரண்டு குறியும் பொருந்துகிற இடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மாமா ஈயக்குண்டு கட்டிய தங்கூசியை இறக்குவார். மணலில் ஈயம் மெத்தென்று உட்காரும். கப்பலில் பட்டால் விரலுக்கு 'டக்' என்று தெரியும். ஒருமுறை என் விரலில் தங்கூசியைச் சுற்றித் தந்து "கேக்குதா?" என்றார். கேட்டது. இரும்பு அது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. கணவாய்த் துண்டைக் கொழுவி இறக்கினால் தூண்டில் வெறுமையாக வந்தது குறைவு. நங்கூரம் போடுவதுதான் ஆபத்து. கப்பலில் கொழுவிக்கொண்டால் பிறகு கயிற்றை வெட்டிவிட்டு வர வேண்டியதுதான்.

அம்மப்பாவுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. மாமா பெரிய கலவாயோடு வருகிற நாளில் வாசலில் இருந்தபடி "எங்க பிடிச்ச?" என்பார். மாமா வேறோர் இடம் சொல்லுவார். அம்மப்பா மீனைப் பார்ப்பார். அன்று வளர்ந்த கடற்காரனுக்கு மீனைப் பார்த்தே அது எந்தத் தரையில் நின்றது என்று சொல்ல முடியும். ஒருநாள் பொய் சொல்லச் சலித்து மாமா உண்மையைச் சொல்லிவிட்டார்.

"அது சேமக்காலைடா," என்றார் அம்மப்பா.

"அப்பா, இந்தக் கடல்ல ஆள் சாகாத எடம் எங்க கெடக்கு? எங்கட ஆக்கள் எத்தின பேர் திரும்பி வரல்ல? அப்பிடிப் பாத்தா நாங்க எங்கதான் தூண்டில் போடுற?"

அம்மப்பா மறுமொழி சொல்லவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவும் இல்லை. நான் மாமாவின் பக்கம் நின்றேன். இன்றைக்கும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் நிற்கிறேன். மீன் பிடிப்பதை நான் அவமரியாதையாக நினைக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தது. மட்டக்களப்பில் கூரை மிஞ்சிய வீடுகளை எண்ணிவிடலாம் என்கிற நிலை. அம்மப்பா அதைத் தாண்டி வந்தார். ஆனால் அதன் பிறகு அவர் பழைய ஆளில்லை. அடுத்த வருஷம் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் எனக்கு அந்தக் கப்பலின் பெயர் கிடைத்தது. பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில், ரோஸ்கில் எழுதிய பிரித்தானியக் கடற்படைப் போர் வரலாற்றின் இரண்டாம் தொகுதியைப் பரீட்சைக்குச் சம்பந்தமில்லாமல் புரட்டிக்கொண்டிருந்தேன். ஏப்ரல் 9, மட்டக்களப்பு, விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மீஸ். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எங்கள் வீட்டு வாசலில் சொல்லப்பட்ட கதை, அச்சில், இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஒரு புத்தகத்தில் கிடந்தது. அதிலிருந்து தொடங்கிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பல வருஷம் அது நின்றபாடில்லை.

ஹெர்மீஸ் சாதாரணக் கப்பலல்ல. விமானந்தாங்கிக் கப்பலாகவே வரையப்பட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. 1918 இல் இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில் வேலை ஆரம்பித்தது. முடிய நாளானது; 1924 இல்தான் சேவைக்கு வந்தது. பிந்தித் தொடங்கிய ஜப்பானின் ஹோஷோ அதை முந்தி 1922 இலேயே சேவைக்கு வந்துவிட்டது. 600 அடி நீளம், 10,850 தொன். 1942 ஆகும்போது அது பழைய, சின்ன, வேகம் குறைந்த கப்பல். எதிரே வந்ததோ அட்மிரல் நகுமோவின் படை. அக்காகி, ஹிர்யு, சோர்யு, ஷொக்காக்கு, சுய்க்காக்கு என்று ஐந்து விமானந்தாங்கிகள். அதற்கு நான்கு மாதம் முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியவை இவைதான்; கூட அன்று காகாவும் இருந்தது.

ஏப்ரல் 4 ஆம் திகதி, கத்தலினா என்ற கடல்விமானத்தில் தெற்கே ரோந்து போன கனடியர் லெனார்ட் பேர்ச்சல் இந்தப் படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பி முடிக்குமுன் சுட்டு விழுத்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பில் குண்டு விழுந்தது. அதே நாளில் திறந்த கடலில் கோர்ன்வோல், டோர்செட்ஷயர் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் மூழ்கி 424 பேர் இறந்தார்கள். அடுத்தது திருகோணமலை என்று எல்லோருக்கும் தெரியும். 8 ஆம் திகதி இரவு துறைமுகத்தில் நின்ற கப்பல்களை வெளியே போகச் சொன்னார்கள். ஹெர்மீசும், துணைக்கு அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் கரையோரமாகத் தெற்கே போயின. ஹெர்மீசின் விமானங்கள் கரையில் இறக்கப்பட்டிருந்தன. ஒரு விமானமும் இல்லாத விமானந்தாங்கி.

காலையில் திருகோணமலைத் துறைமுகமும் சீனன்குடா விமானத் தளமும் தாக்கப்பட்டன. ஹருனா என்ற ஜப்பானியப் போர்க்கப்பலிலிருந்து பறந்த வேவு விமானம் ஒன்று, ஒன்பது மணிக்குச் சற்று முன்பாக ஹெர்மீசைக் கண்டுவிட்டது. அது கண்டதாக அனுப்பிய செய்தியைப் பிரித்தானியரும் ஒட்டுக்கேட்டார்கள். விமானப் பாதுகாப்பு கிடைக்கட்டும் என்று ஹெர்மீசைத் திருகோணமலைக்குத் திரும்பச் சொன்னார்கள். ஆனால் குண்டுவீச்சில் தொலைபேசி இணைப்புகள் அறுந்திருந்தன. சீனன்குடாவின் விமானங்களோ காலைச் சண்டையில் அடிபட்டுப் போயிருந்தன. உதவி கேட்ட செய்தி சேரவேண்டிய இடத்துக்கு நேரத்துக்குச் சேரவில்லை. ரத்மலானையிலிருந்து புறப்பட்ட ஃபுல்மர் விமானங்கள் வந்தபோது ஹெர்மீஸ் கடலுக்கு மேல் இல்லை. வாசிக்க வாசிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. எதிரி கண்டுவிட்டான் என்று தெரிந்த பிறகு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த நேரம் முழுக்கக் கப்பலில் நின்றவர்களுக்கும் அது தெரியும். வானத்தைப் பார்த்துக்கொண்டே வடக்கே போயிருப்பார்கள்.

85 குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்டு வந்தன. பத்தரை மணிக்குப் பிறகு தாக்குதல் தொடங்கியது. சுமார் 40 குண்டுகள் கப்பலில் பட்டிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். இருபது நிமிஷமளவில் எல்லாம் முடிந்தது. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். சற்று நேரத்தில் வம்பயர் இரண்டாக முறிந்தது. அதன் கட்டளை அதிகாரி மோரன் போனார். மற்றவர்களில் பெரும்பாலானோர் தப்பினார்கள். அதே நாளில் அந்தக் கடலில் ஹொலிஹொக் என்ற சிறு போர்க்கப்பல், அதெல்ஸ்ரேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல்கள், நோர்வே நாட்டுச் சரக்குக் கப்பல் நோர்விக்கன் ஆகியவையும் மூழ்கின. பிரிட்டிஷ் சார்ஜன்ட் அடிபட்டபடியே வாகரைப் பக்கத்துக் கரையை நோக்கி வந்து உடைந்தது. அதன் ஆட்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

அடுத்ததாக வாசித்ததுதான் என்னை நிறுத்தியது. அம்மப்பா கண்ட வெள்ளைக் கப்பலுக்குப் பெயர் விட்டா. ஆஸ்பத்திரிக் கப்பல். பிரித்தானிய இந்தியக் கம்பனியின் பழைய பயணிகள் கப்பல். நாகபட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஆட்களை ஏற்றித் திரிந்த ரஜுலாவும் அந்தக் கம்பனியுடையதுதான். விட்டா முந்தின வருஷம் தோப்ருக்கில் தானே குண்டடிபட்டுப் பழுது பார்க்கப்பட்டது. அன்று காலை தற்செயலாக அந்த வழியில் போய்க்கொண்டிருந்தது. ஜப்பானியர் அதைத் தொடவில்லை. ஏறக்குறைய 590 பேரை அது தண்ணீரிலிருந்து தூக்கியெடுத்துக் கொழும்புக்குக் கொண்டுபோனது. இன்னும் சிலர் நீந்தியே கரை சேர்ந்தார்கள்.

590 பேர். 37 வருஷம் "போயிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்கு இந்த ஒரு எண்ணை யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? அவர் சாகும்போது அந்த எண் அச்சில் இருந்தது. புத்தகங்கள் இருந்தன, உலகத்தின் எத்தனையோ நூலகங்களில். கல்லடிக் கரைக்கு அது வரவில்லை. இங்கே யாரும் அதைக் கேட்டு எழுதவுமில்லை, எழுதியதைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டவுமில்லை.

ஆனால் அந்த எண் அவருடைய கேள்விக்குப் பதிலாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒன்பது கிலோமீற்றர். வலைத்தோணியில் தண்டு வலித்தால் இரண்டு மணி நேரமாவது ஆகும். போயிருந்தாலும் கப்பலில் இறந்தவர்களைத் தடுத்திருக்க முடியாது. எண்ணெயில் மிதந்தவர்களில் பத்துப் பேரையாவது ஏற்றியிருக்கலாம். விட்டா வருமென்று கரையில் நின்ற ஒருவருக்கும் தெரியாது. தெரியாத நிலையில் போகத்தான் வேண்டும் என்பது அவர் கட்சி. தலைக்குமேல் குண்டு இருக்கிறது என்பது மறித்தவர்களின் கட்சி. இரண்டும் நியாயம். நியாயமான இரண்டு பேச்சுக்கு நடுவில் நேரம் போய்விட்டது என்பதுதான் அவரை வருத்தியது. அதை ஓர் எண்ணைக் கொண்டு துடைக்க எனக்கு உரிமையில்லை. இருந்தாலும் சொல்லியிருப்பேன். 590 பேர் வீட்டுக்குப் போனார்கள் அம்மப்பா என்று சொல்லியிருப்பேன்.

ஹெர்மீஸ் மூழ்குகிற புகைப்படங்களை ஜப்பானிய விமானத்திலிருந்தே எடுத்திருக்கிறார்கள். உலகம் முழுக்கப் பிரசுரமானவை. மேலேயிருந்து பார்க்கிறோம், கப்பல் ஒருபக்கம் சரிந்து, தளம் தண்ணீரைத் தொடுகிறது. புத்தகத்துக்குப் புத்தகம் இந்தப் படங்கள் வரும். அவற்றில் கரை இல்லை. படத்தின் விளிம்பு முடிகிற இடத்துக்கு அப்பால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். அன்றைய அறிக்கைகளில் அவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. இரண்டு பேரரசுகள் எங்கள் முற்றத்தில் சண்டை பிடித்துவிட்டுப் போயின. அந்த ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிகளில் மூன்று இரண்டே மாதத்தில் மிட்வேயில் மூழ்கின. மற்ற இரண்டும் 1944 இல். ஹெர்மீஸ் என்ற பெயரை ஏற்ற அடுத்த விமானந்தாங்கி இந்தியாவுக்கு விற்கப்பட்டு 1987 இல் விராட் ஆனது. அந்த வருஷம் எங்கள் ஊரில் இந்திய இராணுவம் வந்து இறங்கியிருந்தது. அப்போது கப்பல் பெயர்களை யோசிக்க எங்களுக்கு நேரமிருக்கவில்லை.

உள்நாட்டு யுத்த காலம் முழுக்க ஆழக்கடல் எங்களுக்கு இல்லாமல் போனது. தடை, அனுமதி, நேரக் கட்டுப்பாடு. மாமா கரையோரத்தில் தூண்டில் போட்டுக் காலம் தள்ளினார். தட்டைக் கப்பலின் குறிகளை மட்டும் மறக்கவில்லை. தடை தளர்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு போவேன் என்பார்.

2004 டிசம்பர் 26 சுனாமி அந்தக் குறிகளை அழித்தது. மாமா குறி வைத்த தென்னந்தோப்பு அடியோடு போயிற்று. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரமே சரிந்து நின்றது. நாவலடியில் தெருக்களே இல்லை. எங்கள் குடும்பத்தில் போனவர்களைப் பற்றி இங்கே எழுத எனக்கு முடியவில்லை. அதன் பிறகு பல மாதம் ஊரில் மீன் விற்கவில்லை. வாங்க ஆளில்லை. அம்மாவும் தொடவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. 1942 இல் பெத்தா மடியில் கிடந்த குழந்தைதான் அம்மா. மீன் தின்னாத பெத்தாவைப் பற்றிக் கேள்விப்பட்டதாகக்கூட அவ சொன்னதில்லை. ஆனாலும் அதே நியாயம், கிட்டத்தட்ட அதே சொற்களில், அவ வாயிலிருந்து வந்தது.

2009 இல் யுத்தம் முடிந்த பிறகு சுழியோடிகள் வரத் தொடங்கினார்கள். என் தங்கையின் மகன், என் மருமகன், படகு ஓட்டுகிறான். மாமாவின் தென்னந்தோப்பு இல்லாவிட்டாலும் அவனிடம் ஜிபிஎஸ் இருக்கிறது. 54 மீற்றர் என்பது பொழுதுபோக்குக்குச் சுழியோடுபவர்களின் எல்லையைத் தாண்டிய ஆழம். விசேட பயிற்சி வேண்டும், வாயுக் கலவை வேண்டும். கீழே இருக்கக் கிடைப்பது கொஞ்ச நிமிஷம். மேலே வர அதைவிடப் பல மடங்கு நேரம் எடுத்துப் படிப்படியாக வர வேண்டும். கடல் அடங்கிக் கிடக்கிற மாதங்களில் வெளிநாட்டிலிருந்து இதற்கென்றே வருகிறார்கள். கப்பல் ஒருபக்கம் சாய்ந்து கிடக்கிறது, பீரங்கிகள் இன்னும் இருக்கின்றன, பெரிய பெரிய கலவாய்கள் உள்ளே நிற்கின்றன என்று வந்து சொல்லுகிறார்கள். போகிறவர்களில் மிகப் பலர் மரியாதையோடு போகிறவர்கள்.

எல்லோரும் அல்ல. சில வருஷங்களுக்கு முன் கரையோர விடுதி ஒன்றில் ஒரு மேசைமேல் பித்தளைப் பொருளொன்றைக் கண்டேன். துலக்கி வைத்திருந்தார்கள். எங்கேயிருந்து என்று கேட்டேன். பெருமையோடுதான் சொன்னார்கள். நான் தேநீரை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மாமாவுக்கும் அம்மப்பாவுக்கும் இடையில் நடந்த வழக்கில் நான் எங்கே நிற்கிறேன் என்பது அன்றைக்குத் தெளிவாயிற்று. மீன் பிடிக்கலாம். மீன் அங்கே வந்து நிற்பது அதன் பாடு. பிடிப்பது எங்கள் பிழைப்பு. கப்பலுக்குள் இருப்பது வேறு. அங்கே ஒருவனின் கிண்ணம், ஒருவனின் சப்பாத்து. இறந்த 307 பேரில் பலரின் பெயர்கள் பிளிமத் ஊரின் கடற்படை நினைவுச் சின்னத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. கடலைத் தவிர வேறு கல்லறை அவர்களுக்கு இல்லை. சுனாமிக்குப் பிறகு சடலம் கிடைக்காதவர்களுக்காகக் கடற்கரையில் நின்று கருமம் செய்த ஊர் எங்களுடையது. அது என்னவென்று எங்களுக்குத் தெரியும். அந்த மேசைமேல் இருந்த பித்தளையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

2018 இல் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து சகாயிங் என்ற கப்பலைக் கடற்படையினர் தூக்கியபோது, ஹெர்மீசையும் தூக்குவார்களா என்று என்னிடம் சிலர் கேட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. சகாயிங்கும் அதே ஏப்ரல் 9 அன்று குண்டுபட்டு எரிந்ததுதான். ஆனால் அது கைவிடப்பட்டு, 1943 இல் இறங்குதுறையாகப் பயன்படட்டும் என்று வேண்டுமென்றே அமிழ்த்தப்பட்டது. துறைமுகத்தில் இடம் வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் பாடுபட்டு மிதக்கவைத்து அப்புறப்படுத்தினார்கள். நல்ல வேலை. ஹெர்மீஸ் யாருக்கும் இடைஞ்சலாகக் கிடக்கவில்லை. அது கிடக்கிறபடி கிடக்கட்டும்.

மருமகனிடம் ஒரு விஷயம் கேட்டுக்கொண்டேன். படகில் ஏற்றுமுன் ஆட்களிடம் சொல், கீழேயிருந்து எதையும் எடுத்து வந்தால் உன் படகில் ஏற்றமாட்டேன் என்று சொல் என்றேன். வாடிக்கை போய்விடும் மாமா என்று முதலில் தயங்கினான். பிறகு சொல்லத் தொடங்கினான். ஒருவரும் கோபித்துக்கொண்டு திரும்பிப் போகவில்லை. போகிற வழியில் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதியும் கொடுத்தேன். கப்பலின் பெயர், நாள், நேரம், இறந்தவர்கள், விட்டா தூக்கியெடுத்தவர்கள். கடைசியில் கரைவலைக் கயிறு.

போன வருஷம் ஓர் அவுஸ்திரேலியர் அந்தக் கடைசி வரியில் நின்றுவிட்டாராம். இதைப்பற்றி எவ்வளவோ வாசித்திருக்கிறேன், கரையில் ஆட்கள் நின்றதாக எங்கேயும் பார்க்கவில்லை, எத்தனை பேர் நின்றார்கள், அவர்களுடைய பெயர்கள் உண்டா என்று கேட்டிருக்கிறார். மருமகனுக்குத் தன் பூட்டனின் பெயர் மட்டும்தான் தெரியும். படகைக் கட்டிவிட்டு நேரே என்னிடம் வந்தான். அம்மப்பா கதை சொல்லும்போது வந்து விழுந்த பெயர்களில் எனக்கு நினைவிருந்த ஆறேழை எழுதினேன். 'இழுங்கடா' என்று கத்தியது யார் என்று அவர் சொன்னதேயில்லை. கல்லடியில் இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த வீடுகளில் வயசானவர்கள் இருக்கிறார்கள். சித்திரை வருஷத்துக்கு முன்னமே போகலாம் என்று மருமகன் சொல்லியிருக்கிறான்.